முன்சீட்டு நம்பிராஜன்

ஜூன் 12, திங்கள்

இதைப் படிக்கிறவர்கள் முதலில் என் கையெழுத்தை மன்னிக்க வேண்டும். ஓர் எழுத்து பூசணிக்காய் அளவுக்கு இருக்கும், அடுத்தது கடுகு போல இருக்கும். கோடு போட்ட நோட்டுதான், ஆனால் என் எழுத்து கோட்டில் நிற்பதில்லை. நாற்பத்திரண்டு வருடம் வண்டி ஓட்டியதில் ரோட்டின் நடுக்கோட்டைக்கூட இத்தனை தடவை தாண்டியதில்லை. இந்தப் பத்தியை முடிப்பதற்குள் காபி ஆறிவிட்டது. சூடாக்கித் தந்த காபியும் ஆறிவிட்டது.

என் பெயர் ஆவுடையப்பன். வயது அறுபத்தொன்பது. அம்பாசமுத்திரத்தில் வாடகைக் கார் ஓட்டுகிறேன். பழைய இண்டிகா. கழுவிய அன்றைக்கு மட்டும் வெள்ளை நிறம். ஆறு மாதமாக மாலை வகுப்புக்குப் போய் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன். ஜெபராணி டீச்சர்தான் இந்த நோட்டைக் கொடுத்து, வாரம் ஒரு தடவையாவது நடந்ததை எழுதச் சொன்னார். "நான் படிக்க மாட்டேன் ஐயா, பக்கத்த மட்டும் எண்ணிக்கிடுவேன்" என்றார். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

எழுத்துத் தெரியாமல் இத்தனை வருடம் எப்படி ஓட்டினாய் என்று கேட்கலாம். எண் தெரியும். கையெழுத்தை ஒரு படம் போல வரையத் தெரியும். போர்டு படிக்க நம்பிராஜன் இருந்தான்.

நம்பிராஜன் என் மனைவி பிரம்மசக்தியின் தம்பி. பெண்டாட்டியை இழந்தவன், எங்களோடுதான் இருக்கிறான். பத்தாவது பாஸ். வண்டி ஓட்ட மட்டும் வராது. ஒரு முறை கற்றுக்கொடுக்கப் போய் அடுத்த வீட்டு வைக்கோல் படப்பைப் பாதியாக்கினோம். ஆகவே நான் வலது சீட்டில், அவன் இடது சீட்டில். "அத்தான், வீரவநல்லூர் மூணு கிலோமீட்டரு. எடப்பக்கம் ஒடிங்க" என்பான். நான் ஒடிப்பேன். ஸ்டாண்டில் எங்களை ரெட்டைமாட்டு வண்டி என்பார்கள். மாடு ரெண்டு, மூளை ஒண்ணு என்றும் சேர்த்துக்கொள்வார்கள். அது யாருடைய மூளை என்பதில் எனக்குச் சந்தேகம் இருந்ததில்லை.

வகுப்புக்குப் போவது நம்பிக்குத் தெரியாது. முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்க வைத்தியரிடம் போவதாகச் சொல்லியிருக்கிறேன். ஒரு நாள் அவனுக்கு முன்னால் ஒரு போர்டை முந்திப் படித்து அவன் வாய் பிளப்பதைப் பார்க்க வேண்டும். வேறு லட்சியம் எதுவும் எனக்கு இல்லை. ஆறு மாதமாக அவனும் என் முழங்காலைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை.

ஜூன் 14, புதன்

கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு நிச்சயதார்த்தப் பார்ட்டி. முக்கூடல் தாண்டி ஒரு கிராமம். நம்பி முன்சீட்டில் இருப்பதால் பின்னால் நான்கு பேர், அவர்கள் மடியில் பூத்தட்டு, பழத்தட்டு, சீனித்தட்டு.

வழியில் ரோடு இரண்டாகப் பிரிகிற ஒரு முக்கு. புதிதாகப் பச்சை போர்டு வைத்திருக்கிறார்கள். ஓடுகிற வண்டியில் எனக்கு இரண்டு எழுத்துக்கு மேல் பிடிபடாது. இன்று ஓர் ஆட்டு மந்தை குறுக்கே வந்து நின்றது. அந்த ஆடுகளுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். முழு போர்டையும் படித்துவிட்டேன். வலது பக்கம் அம்பு, ஆலங்குளம். இடது பக்கம் அம்பு, முக்கூடல். இப்போது சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தேன்.

அதற்குள் நம்பி சொன்னான். "முக்கூடல், வலப்பக்கம் ஒடிங்க அத்தான்."

வாயை மூடிக்கொண்டேன். அவன் பத்தாவது பாஸ். நான் ஆறு மாதம். யார் தப்பாகப் படித்திருப்பார்கள் என்பதற்குப் பஞ்சாயத்து வேண்டியதில்லை. வலது பக்கம் ஒடித்தேன்.

பதினொரு மணிக்குத் தட்டு மாற்ற வேண்டியவர்கள் பன்னிரண்டே காலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். புதன்கிழமை பன்னிரண்டு முதல் ஒன்றரை வரை ராகு காலம். அதற்குள் தட்டைத் தொடக்கூடாது என்று பெண்வீட்டுப் பெரியவர் கையை விரித்துவிட்டார். அறுபது பேர் ஒன்றரை மணி வரை இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அத்தை என்னிடம் வந்து, "முன்சீட்டுல ஒரு ஆள சும்மா ஒக்கார வச்சிக்கிட்டு எங்கள அப்பளக் கட்டு மாதிரி அடுக்குனீரே, அதுக்காவது வழி தெரிஞ்சிருக்கலாம்லா?" என்றார். சாப்பாட்டில் எங்களுக்கு இரண்டாவது தடவை பாயசம் வரவில்லை.

போர்டை மாற்றி வைத்த ரோட்டுக்காரர்கள்தான் காரணம் என்று நம்பி சொன்னான். நானும் ஆமாம் என்றேன்.

ஜூன் 15, வியாழன்

டீச்சரிடம் ஆலங்குளத்தை எழுதிக் காட்டிக் கேட்டேன். ஆ என்றால் ஆ தானாம்.

ஜூன் 18, ஞாயிறு

வண்டியைக் கழுவிவிட்டு டீக்கடைக்குப் போனோம். நம்பி பேப்பரை விரித்துப் பார்த்தான். நான் பக்கத்தில் இருந்து எட்டிப் பார்த்தேன். பெரிய எழுத்தில் பாபநாசம் அணையில் தண்ணீர் ஏறியதைப் போட்டிருந்தார்கள். அதைக் கூட்டிப் படிக்க எனக்கு ஒரு டீ நேரம் ஆனது.

"என்ன மாப்ளே போட்டிருக்கான்?" என்று கேட்டேன்.

"எல்லாம் பழைய செய்திதான் அத்தான்" என்று மடித்து வைத்தான்.

"அணையப் பத்தி ஏதும்?"

"கண்ணாடி வீட்டுல இருக்கு. பொறவு பாப்போம்."

கண்ணாடி அவன் சட்டைப் பையில் இருந்தது.

இன்று இவ்வளவு போதும். கை வலிக்கிறது.

ஜூன் 19, திங்கள்

பிரம்மசக்தியிடம் நம்பியின் கண்ணைப் பற்றி மெதுவாகப் பேச்சை எடுத்தேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்தவே இல்லை.

"ஒங்களுக்கு இப்பத்தான் தெரியுதாக்கும். பொங்கலன்னைக்கு எலையில உப்புன்னு சீனியத் தொட்டுக்கிட்டு, கறி நல்லாருக்குக்கான்னான். அன்னைக்கே எனக்குத் தெரியும்."

"எங்கிட்ட சொல்லலியே?"

"தெனமும் அவன் பக்கத்துல ஒக்காந்து போறது நீங்க. நானா?"

ஆஸ்பத்திரிக்கு அவள் மூன்று தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டாளாம். அவன் அசையவில்லை. அவர்கள் அப்பாவுக்கு முன்னொரு காலத்தில் ஏதோ ஒரு முகாமில் கண்ணில் கத்தி வைத்தார்கள். அவர் அதற்குப் பிறகு ஒன்பது வருடம் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். நம்பிதான் கையைப் பிடித்துக் கூட்டிப் போவான். "எனக்கு ரெண்டு கண்ணும் கல்லு மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டானாம். அதில் பொய் இல்லை.

சாயந்தரம் ஸ்டாண்டில் இன்னொன்று. எங்கள் செயலாளர் கருத்தப்பாண்டி எல்லார் முன்னாலும் கூப்பிட்டார். நிச்சயதார்த்தக்காரர்கள் அவரிடம் புகார் சொல்லியிருக்கிறார்கள். "அண்ணாச்சி, சாரல் சீசன் ஆரம்பிச்சாச்சு. குத்தாலத்துக்கு நாலு பேரு, அஞ்சு பேருன்னு வாரான். ஒம்ம வண்டியில ஒரு சீட்டு எப்பவும் குத்தகைக்குப் போயிருக்கு. அந்த ஆளாவது வழி சொல்லுதாரா, அதும் இல்ல. ஒண்ணு அவர எறக்கும், இல்ல வண்டிய ஸ்டாண்ட விட்டு எடும். வழி தெரியலன்னா ஒரு மேப்பு மாட்டும். இப்பல்லாம் ஆட்டோக்காரன்கூட வச்சிருக்கான்."

நம்பி கொஞ்சம் தள்ளி நின்று எதையும் கேட்காதது போல மூக்கைச் சொறிந்துகொண்டிருந்தான். அவனுக்குக் காது கூர்மை.

ஜூன் 21, புதன்

பிரேக்கு பார்க்கப் போகிறேன் என்று நம்பியை வீட்டில் விட்டுவிட்டு மேலப்பாளையம் போனேன். மைதீன்பிச்சை என்பவர் கார்களுக்கு ரேடியோ, திரை எல்லாம் மாட்டுகிறவர். என் வண்டியின் பழைய பாட்டுப் பெட்டியைத் தட்டிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இந்த வண்டி பொறக்கும்போது இதெல்லாம் கெடையாது. வாய் சின்னது. அறுத்துப் பெருசாக்கணும்."

"அறுக்காம முடியாதா?"

"பயப்படாதீங்க. வலிக்காது."

பெட்டியை உருவினார். உள்ளே சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று வயர்கள் தொங்கின. பிளாஸ்டிக்கை ராவத் தொடங்கினார். வெளியே போய் நின்றுகொண்டேன். ஒரு மணி நேரத்தில் கூப்பிட்டார். பாட்டுப் பெட்டி இருந்த இடத்தில் ஒரு கையகலக் கண்ணாடித் திரை. முன்கண்ணாடியின் ஓரத்தில் தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்பு டப்பி ஒட்டியிருந்தார். அதுதான் வானத்தைப் பார்த்து நாம் எங்கே இருக்கிறோம் என்று சொல்லுமாம். என் வண்டியில் தூரப்பார்வை உள்ளது இனி அது ஒன்றுதான்.

"இனிமே பக்கத்துல ஆளு வேண்டாம் அண்ணாச்சி. இதுவே சொல்லும்."

"ஆளு இருப்பாரு. சத்தம் மட்டும் நல்லாக் கேக்கணும். எடப்பக்கத்து ஸ்பீக்கர்ல."

மைதீன்பிச்சை என்னைப் பார்த்தார். பிறகு எதுவும் கேட்காமல் இடது பக்கத்து ஸ்பீக்கரை மாற்றிப் புதிதாக ஒன்று போட்டார்.

விலையை எழுதவில்லை. எண் தெரியும், தைரியம்தான் இல்லை.

ஜூன் 23, வெள்ளி

கடையத்துக்கு ஒரு சவாரி. ஆளை அங்கே போய்த்தான் ஏற்ற வேண்டும். போகும்போது வண்டியில் நாங்கள் இருவர் மட்டும். ஸ்டார்ட் செய்ததும் திரைக்குள் இருக்கும் அம்மாள் பேசினாள். "இருநூறு மீட்டரில் வலதுபுறம் திரும்பவும்."

நம்பி திடுக்கிட்டுப் பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தான். "யாரு அத்தான் அது?"

"மேப்பு மாப்ளே. கருத்தப்பாண்டி வாய அடைக்க ஒண்ணு மாட்டிட்டேன்."

அவன் கையை நீட்டித் திரையைத் தடவினான். ஆற்றுப்பாலம் தாண்டியபின் கேட்டான். "அப்ப நான் நாளைலருந்து பின்னால ஒக்காரட்டா? இல்ல வீட்டுலயே இருக்கட்டா?"

வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் எது நல்ல பொய் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். "அவ புதுசுல்லா. ஊரு ஒலகம் தெரியாது. தப்பாச் சொன்னா ஆரு திருத்த? நீதான் மேப்பார்வை."

அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அதற்குப் பிறகு அந்த அம்மாள் "இடதுபுறம் திரும்பவும்" என்பாள். நம்பி ஒரு விநாடி விட்டு, போர்டைப் பார்த்துச் சொல்கிறவன் போல, "எடப்பக்கம் ஒடிங்க. சரியாத்தான் சொல்லுதா" என்பான். கடையம் வருவதற்குள் அவள் பதினோரு முறை பாஸானாள். ஒரே செய்தியை இரண்டு பேர் சொல்லக் கேட்டு வண்டி ஓட்டுவது எனக்குப் பழக்கம்தான். எனக்குக் கல்யாணமாகி நாற்பத்தைந்து வருடம் ஆகிறது.

ஜூன் 26, திங்கள்

அந்த அம்மாள் இன்று ஃபெயில்.

வீரவநல்லூர்ப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போக வேண்டும். குறுக்கு வழி என்று ஒரு மண் பாதையில் இறக்கினாள். இரண்டு பக்கமும் வாழை. வளைவுக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. "நேராகச் செல்லவும், நேராகச் செல்லவும்" என்று அவள் சொல்ல, நானும் படித்தவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று போய்க்கொண்டிருந்தேன்.

"நிறுத்துங்க" என்றான் நம்பி.

"ஏம்ல?"

"தண்ணி சத்தம் கேக்கு. பாசி வாடையும் அடிக்கு. முன்னால வாய்க்கா."

நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். வளைவு முடிந்த இடத்தில் பாதையும் முடிந்திருந்தது. கீழே கால்வாய் நிறையத் தண்ணீர், இடுப்பளவு இருக்கும். பாலம் இல்லை. பாலம் இருந்த அடையாளமாக இரண்டு கல்தூண்கள்.

நம்பிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "இவள நம்பி நாளைக்குக் கடலுக்குள்ள எறங்கிருவீங்க அத்தான். கூறுகெட்ட மூதி." வீடு வரும்வரை அவளைத் திட்டிக்கொண்டே வந்தான். அவளும் "திரும்பிச் செல்லவும்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

வாழைக்குள் இருந்த வாய்க்காலை எனக்கு முன்னால் கண்டுபிடித்துவிட்டான். கூர்மையான மனிதன் என்று மட்டும் எழுதி வைக்கிறேன்.

ஜூன் 29, வியாழன்

இதை எழுதாமல் இருக்கத்தான் நினைத்தேன்.

கல்லிடைக்குறிச்சியில் ஒரு சந்துக்குள் ஆளை இறக்கிவிட்டு வண்டியைப் பின்னால் எடுத்தேன். வழக்கம்போல நம்பி இறங்கிப் போய்ப் பின்னால் நின்று வண்டியைத் தட்டினான். "வாங்க வாங்க. இன்னும் வாங்க. நெறைய எடமிருக்கு."

ஒரு பெண் அலறினாள். பிரேக்கை மிதித்தேன். வண்டிக்குப் பின்னால் மூன்று வயசுப் பிள்ளை ஒன்று குத்த வைத்து உட்கார்ந்து மண்ணில் விளையாடிக்கொண்டிருந்தது. சிவப்புச் சட்டை. பம்பருக்கும் அதற்கும் ஒரு முழம்கூட இல்லை. நம்பிக்கு அது நான்கு அடி தூரம்.

தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நம்பியைக் கேட்டாள். "பாத்துக்கிட்டுத்தானய்யா நிக்கீரு? கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு?"

அவன் முன்சீட்டில் வந்து உட்கார்ந்து இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

இரண்டு பேரும் சாப்பிடவில்லை. பிரம்மசக்தி காரணம் கேட்கவில்லை.

ஜூலை 1, சனி

ஒரு திட்டம் போட்டிருக்கிறேன். எனக்குத் திட்டம் எல்லாம் வருவதே எழுத்துப் படித்த பிறகுதான். படித்தால் புத்தி வரும் என்று டீச்சர் சொன்னார். திருட்டுப் புத்தியும் சேர்ந்து வருகிறது என்று சொல்லவில்லை.

திருநெல்வேலியில் ஒரு பெரிய கண் ஆஸ்பத்திரி இருக்கிறது. பார்ட்டி ஒன்றை ஏற்ற வேண்டும் என்று சொல்லி நம்பியை அங்கே கூட்டிப் போவேன். வாசலில் எவ்வளவு பெரிய போர்டு இருந்தாலும் அவன் படிக்கப்போவதில்லை. உள்ளே போய் உட்கார வைத்துவிட்டால் பிறகு டாக்டர் பாடு. திங்கள்கிழமைக்குப் பெயர் பதிந்துவிட்டேன்.

வண்டியில் உட்கார்ந்து, திரையில் அந்த ஆஸ்பத்திரியின் பெயரை என் ஒரு விரலால் எழுத்து எழுத்தாகத் தேடித் தட்டினேன். முக்கால் மணி நேரம். அழித்தது ஏழு முறை. கடைசியில் திரையில் நீலக்கோடு ஒன்று எங்கள் வீட்டு வாசலிலிருந்து ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் ஓடியது. என் விரல் எழுதிய ஒரு வார்த்தைக்கு ஒரு ரோடே எழுந்து நின்று வழி காட்டுகிறது. அறுபத்தொன்பது வயசில் கைதட்டினேன். தெருவில் போன பால்காரர் பார்த்துவிட்டார்.

ஜூலை 3, திங்கள்

காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம். பிரம்மசக்தி தம்பியின் நெற்றியில் திருநீறு பூசினாள்.

"என்னக்கா, சவாரிக்குத்தான போறேன்?"

"பூசுனா என்னல, தேஞ்சா போயிருவ?" என்று உள்ளே போய்விட்டாள்.

வழி நெடுக நன்றாகத்தான் போனது. சேரன்மாதேவி, பத்தமடை, பேட்டை. அவள் சொல்லச் சொல்ல இவன் சரி போட்டுக்கொண்டு வந்தான். என் திட்டத்தின் அழகை நானே வியந்துகொண்டு வந்தேன். மாட்டிய நாளிலிருந்து அவள் "வலதுபுறம், இடதுபுறம், நேராக, திரும்பி" தவிர வேறொன்றும் பேசி நான் கவனித்ததில்லை. போய்ச் சேர்ந்தால் என்ன சொல்வாள் என்று நான் யோசிக்கவே இல்லை. கிராமங்களுக்குள் அவளை நம்பாமல் பாதியிலேயே அணைத்துவிடுவது எங்கள் வழக்கம்.

டவுனுக்குள் நுழைந்து மூன்று முக்குத் திரும்பினோம். அவள் இடது ஸ்பீக்கரில் கணீரென்று சொன்னாள். "நீங்கள் சேர வேண்டிய கண் மருத்துவமனை இடது பக்கத்தில் உள்ளது."

நம்பி பழக்க தோஷத்தில் திருப்பிச் சொன்னான். "கண் மருத்துவமனை எடப்பக்கம். சரியாத்தான் சொல்..."

பாதியில் நிறுத்திவிட்டான்.

பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது.

"நேராப் போங்க" என்றான்.

போனேன். "திரும்பிச் செல்லவும்" என்றாள் அவள்.

"எத்தன நாளாத் தெரியும் ஒங்களுக்கு?"

"ஆட்டு மந்த வந்து நின்னுச்சுல்லா, அன்னைக்கு."

"ஆலங்குளமா போட்டிருந்தான் அதுல?"

"ஆமா."

"நெனச்சேன். திரும்புன பொறவு வெயிலு மூஞ்சியில படலியே, தப்பால்லா போறோம்னு நெனச்சேன். சொல்ல வாய் வரல." பிறகு அவனே சொன்னான். "நீங்க படிக்கது எனக்குச் சித்திரையிலயே தெரியும்."

வண்டி தானாக மெதுவானது. "ஆரு சொன்னா?"

"ஒங்க இண்டிகேட்டர்தான் சொல்லிச்சு. மொதல்ல எல்லாம் நான் சொன்ன பொறவுதான் டிக் டிக்குன்னு அடிக்கும். சித்திரையிலருந்து பெரிய ஊரு போர்டுகள்ல நான் வாயத் தொறக்க முந்தியே அடிக்க ஆரம்பிச்சுட்டு. அதோட முழங்காலுக்கு எண்ணெ தேய்க்கப் போற மனுசன் மேல சாக்பீஸ் வாசன எப்படி அத்தான் அடிக்கும்?"

"ஏம்ல கேக்கல?"

"கேட்டா நீங்க ஆமாம்பீங்க. பொறவு நான் எதுக்கு இந்த சீட்டுல?"

அதற்குள் தெருவைச் சுற்றி மறுபடி ஆஸ்பத்திரி வாசலுக்கே வந்துவிட்டோம். இடது பக்கத்தில் உள்ளது என்றாள் அவள். "நேரா" என்றான் நம்பி. நேராகப் போனேன்.

இரண்டாவது சுற்றில் அவன் அப்பாவைப் பற்றிப் பேசினான். ஒன்பது வருடம் கையைப் பிடித்துக் கூட்டிப் போனதில் அப்பாவின் விரல் நகம் தன் உள்ளங்கையில் பதிந்த இடம் இன்னும் வலிக்கும் என்றான். நான் அந்தக் காலத்து முகாம் வேறு, இது வேறு என்று எனக்குத் தெரியாத டாக்டர் விஷயங்களை எல்லாம் சொன்னேன். அவன் கேட்கவில்லை. "அந்தப் புள்ள என்ன கலர் சட்ட போட்டிருந்துச்சு?" என்று கேட்டான்.

"செவப்பு."

"செவப்புகூடத் தெரியல எனக்கு."

மூன்றாவது தடவை தெருமுனையைத் திரும்பினோம். ஒரு பூக்கடை, ஒரு எண்ணெய்ப் பலகாரக் கடை. அவன் வாடை பிடிப்பது போல மூக்கை இழுத்தான். அந்த அம்மாள் வாயைத் திறப்பதற்கு முன்னால் சொன்னான்.

"எடப்பக்கம் ஒடிங்க அத்தான்."

ஒடித்தேன். இண்டிகேட்டரை அவன் சொன்ன பிறகுதான் போட்டேன்.

ஜூலை 5, புதன்

நேற்று வலது கண்ணில் ஆபரேஷன். புரை முற்றிக் கல்லாகிவிட்டது, இன்னும் ஒரு வருடம் விட்டிருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னார். முழுதாக இருபது நிமிடம். வெளியே பெஞ்சில் இருந்த எனக்குத்தான் மயக்கம் வந்து நர்ஸ் தண்ணீர் கொடுத்தார். நோயாளி யார் என்று கேட்டார்.

இன்று காலை கட்டை அவிழ்த்தார்கள். நானும் பிரம்மசக்தியும் எதிரே நின்றோம். நம்பி கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டிப் பார்த்தான். அக்காளைப் பார்த்து, "நீ ஏன் அழுதுக்கிட்டு நிக்க?" என்றான். பிறகு என்னை மேலிருந்து கீழே பார்த்தான்.

"என்ன அத்தான், முடியெல்லாம் எங்க?"

"அது போயி ரெண்டு வருசமாச்சு மாப்ளே."

"ஆரும் எங்கிட்ட சொல்லவே இல்லியே."

ஜூலை 9, ஞாயிறு

கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நம்பி முன்சீட்டுக்கு வந்துவிட்டான். தூரத்தில் இருப்பது நன்றாகத் தெரிகிறது. இன்று ஊரை ஒரு சுற்றுச் சுற்றினோம். ஒரு போர்டு விடவில்லை. பல் டாக்டர், பழைய இரும்பு வாங்கப்படும், இங்கே சிறுநீர் கழிக்காதீர். எல்லாவற்றையும் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தான். நானும் முந்திப் பார்த்தேன். பன்னிரண்டில் ஒன்றுதான் ஜெயித்தேன். அது டீ என்ற போர்டு.

அந்த அம்மாளை நாங்கள் இறக்கிவிடவில்லை. சத்தத்தைக் குறைத்து வைத்திருக்கிறோம். நம்பி அவளிடம் இப்போது மரியாதையாகப் பேசுகிறான். "அவ வாயி ஓட்டை. ஆனா பொய் சொல்லத் தெரியாது" என்கிறான். சொல்லும்போது என்னைப் பார்க்கிறான்.

கருத்தப்பாண்டியிடம் போய்ச் சொன்னேன். முன்சீட்டு ஆள் இறங்கமாட்டார், பின்சீட்டில் மூன்று பேர்தான் ஏற்றுவேன், பயணிகளை அப்பளக்கட்டு ஆக்கமாட்டேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். "மூணு பேரு வண்டிக்கு முறையில கடைசி எடந்தான் அண்ணாச்சி. வேப்பமரத்தடியில போயி நில்லும்." ஸ்டாண்டில் நிழல் இருக்கும் இடம் அது ஒன்றுதான். முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு சரி என்றேன்.

ஓர் அட்டை வாங்கி, நீலப் பெயிண்டில் நானே எழுதினேன். மூன்று பேர் மட்டும். அதை எழுத ஒரு மத்தியானம் ஆனது. முன்கண்ணாடியில் மாட்டிவிட்டு நம்பியைப் பத்தடி தள்ளி நிற்க வைத்துப் படிக்கச் சொன்னேன். நாற்பத்திரண்டு வருடத்தில் நான் எழுதி அவன் படிக்கும் முதல் போர்டு.

கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தான்.

"மூன்று பேர் மட்டும்" என்றான். கண்ணாடியை மறுபடி கண்ணுக்கு இறக்கிக்கொண்டான். "றுவுக்கு என்ன அத்தான், வாதமா? ஒரு பக்கமாச் சாஞ்சு நிக்கி."

இந்த நோட்டு வண்டியின் டாஷ்போர்டில்தான் இருக்கிறது. அவன் எடுத்துப் புரட்டிப் பார்த்தான். பக்கத்தில் இருப்பது இன்னும் தெரியவில்லை. படிக்கிற கண்ணாடி ஒரு மாதம் கழித்துத்தான் கொடுப்பார்களாம். வந்ததும் முதல் வேலையாக இதைத்தான் படிப்பேன் என்று மிரட்டியிருக்கிறான். ஜூன் 29 பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று யோசித்தேன். கிழித்தால் டீச்சருக்குப் பக்கக் கணக்கு இடிக்கும். அவனுக்கும் தெரியாத பக்கம் இல்லை அது. இருக்கட்டும்.

ஆகவே என் எழுத்து நேராக நிற்க எனக்கு இருப்பது ஒரு மாதம். அடுத்த திங்கள் இடது கண்ணுக்கு நாள் குறிக்க மறுபடி ஆஸ்பத்திரி போகிறோம். இந்த முறை சொல்லிவிட்டுத்தான் கூட்டிப் போகிறேன். டாக்டர் என்ன சொன்னார், நம்பி அதற்கு என்ன சொன்னான் என்பதை வந்து எழுதுகிறேன், அதற்குள் அந்த று-வை எப்படியாவது நிமிர்த்திக்கொண்டு.